பெல்ட் கோடு முதலில், பிராக்கெட் பிறகு: ஜீப் எஞ்சினில் காற்றுக் கம்ப்ரசர் பொருத்த முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாறு, அந்தப் பக்கம் கீரிப்பாறை, மாறாமலை எஸ்டேட்டுகளுக்கு ஓடும் ஜீப்புகளில் டயர் இறங்கினால், குலசேகரத்துக்கோ தடிக்காரன்கோணத்துக்கோ இறங்கி வந்தால்தான் காற்று. சிகரெட் லைட்டரில் சொருகும் சின்னப் பம்பை நம்பி நாலு டயரையும் நிரப்ப முடியாது. இரண்டாவது டயரிலேயே சூடாகி மூச்சை விட்டுவிடும். எஞ்சினிலேயே பெல்ட் போட்டு ஓட்டும் கம்ப்ரசர் இருந்தால் டயரும் நிரப்பலாம், ரேடியேட்டரையும் ஏர் ஃபில்டரையும் ஊதலாம், சின்ன ஏர் கன்னும் ஓட்டலாம்.

இங்கே சொல்லப்போவது, கார் ஏசியில் இருந்து கழற்றிய பழைய கம்ப்ரசரைக் காற்றுக் கம்ப்ரசராக மாற்றி, 12 வோல்ட் டீசல் ஜீப்பில் மாட்டும் முறை. புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் பானெட்டைத் திறந்து, காலியாக இருக்கும் இடத்தைப் பார்த்து, அங்கே பிராக்கெட் (கம்ப்ரசரைத் தாங்கும் இரும்புப் பிடி) அடித்துவிட்டு, கடைசியில் பெல்ட் எப்படிப் போகும் என்று யோசிக்கிறார்கள். வேலை கெடுவது அங்கேதான். பெல்ட் ஓடும் கோடு எங்கே என்று முதலில் தெரிந்தால்தான் கம்ப்ரசருக்கு இடம் தெரியும், அப்புறம்தான் பிராக்கெட்.

1. உங்கள் வண்டிக்கு இது ஒத்துவருமா?

வண்டியில் ஓடுகிற ஏசி இருந்தால் அந்தக் கம்ப்ரசரில் கை வைக்காதீர்கள். அதற்குள் கேஸ் இருக்கிறது. ஏசி இல்லாத மாடலோ, ஏசியை எப்போதோ கழற்றிப்போட்ட வண்டியோதான் இதற்குச் சரி.

எஞ்சினின் முன்னால் பெல்ட்டை ஓட்டும் சக்கரமான கிராங்க் புல்லியை டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு பள்ளம் இருந்து ஒன்று சும்மா இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரே பள்ளம்தான் என்றால், அதே எஞ்சினின் ஏசி மாடலிலோ பவர் ஸ்டீயரிங் மாடலிலோ வரும் இரட்டைப் பள்ளப் புல்லியைத் தேடுங்கள். இருக்கிற புல்லியின் மேல் இன்னொரு புல்லியை வெல்டு வைப்பது வேண்டாம். பேலன்ஸ் போய்விடும். சில புல்லிகளுக்குள் அதிர்வைத் தாங்க ரப்பர் வளையம் இருக்கும். வெல்டிங் சூட்டில் அது உருகிப் புல்லியே கழன்று ஓடும்.

வாட்டர் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் ஓட்டும் பெல்ட்டிலேயே கம்ப்ரசரையும் சேர்த்துவிடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். கம்ப்ரசர் ஒருநாள் இறுகி நின்றால் பெல்ட் அறுந்துபோகும்; அதோடு வாட்டர் பம்பும் நிற்கும்; மலை ஏற்றத்தில் எஞ்சின் காய்ந்துவிடும். தனிப் பெல்ட் என்றால் கம்ப்ரசர் செத்தாலும் அந்தப் பெல்ட்டை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு வீடு வந்து சேரலாம். ஒரே நீளப் பட்டைப் பெல்ட் எல்லாவற்றையும் சுற்றி ஓடும் புது வண்டிகளில், கம்பெனி ஏசி பிராக்கெட்டும் ஏசி மாடல் பெல்ட்டும் கிடைத்தால் மட்டுமே இதைத் தொடுங்கள்.

இன்னொன்று: ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. டேங்கை எங்கே, எப்படி வைக்கப் போகிறீர்கள் என்பதை நாகர்கோவில் அல்லது மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எஃப்.சி.க்குப் போகும் டாக்ஸி வண்டி என்றால் கட்டாயம் கேளுங்கள்.

2. முதலிலேயே வாங்கி வைக்க வேண்டியவை

பாதி வேலையில் பிட்டிங் வாங்க ஓடினால் திறந்து கிடக்கும் குழாய்க்குள் தூசி போகும். அதனால் எல்லாம் கையில் வந்த பிறகே ஸ்பேனரை எடுங்கள்.

கம்ப்ரசர்: சாண்டன் 508 வகை, ஐந்து சிலிண்டர், ஒரு சுற்றுக்கு சுமார் 138 சி.சி. ஆக்கர் (பழைய சாமான்) கடைகளிலும் கார் ஏசி வேலை செய்கிறவர்களிடமும் எளிதாகக் கிடைப்பது இதுதான். லாரியின் ஏர் பிரேக் கம்ப்ரசரை வைக்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். அது கனம். அதற்கு எஞ்சின் ஆயில் லைன் கொடுக்க வேண்டும், திரும்பி வரும் லைனும் வேண்டும். ஜீப்புக்கு அவ்வளவு தேவையில்லை.

பிறகு: 8 முதல் 10 மி.மீ. கனமுள்ள இரும்புத் தகடு, 8.8 என்று தலையில் பொறித்த போல்ட்டுகள், வி-பெல்ட், சூடு தாங்கும் ஸ்டீல் பின்னல் போட்ட டெஃப்லான் ஹோஸ், ஒருவழி வால்வு, டேங்க், சேஃப்டி வால்வு, பிரஷர் சுவிட்ச், கேஜ், வடிகால் காக், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர், ரிலே, ஃபியூஸ், சுவிட்ச். பெல்ட்டின் நீளம் மட்டும் இப்போது தெரியாது. அது 4-வது படியில்தான் முடிவாகும். அதற்கு முன் பெல்ட் வாங்கினால் அந்தப் பெல்ட்டுக்காகப் பிராக்கெட்டை இழுத்து வளைக்க வேண்டிவரும்.

3. பழைய கம்ப்ரசரைக் கடையிலேயே சோதிப்பது

முதலில் புல்லியை மட்டும் கையால் சுற்றுங்கள். இந்தப் புல்லி, கிளட்ச் (கரன்ட் கொடுத்தால் கம்ப்ரசரைப் புல்லியோடு சேர்த்துப் பிடிக்கும் காந்தத் தட்டு) போடாவிட்டாலும் எஞ்சின் ஓடும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே அதன் பேரிங் மோசம் என்றால் காற்றே பிடிக்காத நாளிலும் பெல்ட் அறும். கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங் மாற்றும் செலவையும் விலையில் கழித்துக் கேளுங்கள்.

அடுத்து முன்பக்கக் கிளட்ச் தட்டைச் சுற்றுங்கள். இதுதான் உள்ளே பிஸ்டன்களை நகர்த்துவது. பின்பக்கத் தலையில் எஸ் என்றும் டி என்றும் ஆங்கில எழுத்து இருக்கும்: எஸ் உறிஞ்சும் வாய், டி தள்ளும் வாய். டி வாயைக் கட்டைவிரலால் அடைத்துத் தட்டைச் சுற்றினால் விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வர வேண்டும். சுற்றும்போது ஓரிடத்தில் இடறினால் விட்டுவிடுங்கள். தட்டுக்குப் பின்னால் எண்ணெய் வழிந்து அழுக்கு அப்பியிருந்தால் ஷாஃப்ட் சீல் போயிருக்கிறது.

மீட்டர் வைத்துக் கிளட்ச் காயிலை அளக்காமல் வாங்காதீர்கள். 12 வோல்ட் காயில் 3, 4 ஓம் காட்டும். 12 ஓம் பக்கம் காட்டினால் அது பஸ்ஸில் இருந்து வந்த 24 வோல்ட் காயில். வெளியில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான். ஜீப்பில் மாட்டினால் தட்டை முழுசாகப் பிடிக்காமல் வழுக்கி, புகைந்து, கருகும். வயரிங்கைக் கழற்றி மாட்டிக் களைத்த பிறகுதான் இது தெரியவரும்.

கடைக்காரர் இன்னும் வண்டியில் இருந்து கழற்றவில்லை என்றால் நீங்களாக ஏசி பைப்பைத் திறக்காதீர்கள். கேஸைத் திரும்ப எடுக்கும் மெஷின் வைத்திருக்கும் ஏசி மெக்கானிக்கிடம் கொடுத்து இறக்குங்கள். சீறி வரும் கேஸ் கண்ணிலோ கையிலோ பட்டால் உறைந்து புண்ணாகிவிடும்.

4. பெல்ட் கோட்டைக் கண்டுபிடிப்பது

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். வண்டி சமதளத்தில், கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டபடி இருக்கட்டும்.

கிராங்க் புல்லியின் சும்மா இருக்கும் பள்ளத்தைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். அதில் வளையாத நேர்க்கம்பி ஒன்றைப் பள்ளத்தின் நடுவில் படும்படி வைத்துக் கட்டுங்கள். கம்பியின் மறுமுனை கம்ப்ரசர் வரப்போகும் பக்கம் நீளட்டும். கம்ப்ரசர் புல்லியின் பள்ளமும் அந்தக் கம்பியின் மேல் வந்து உட்கார வேண்டும். அதுதான் பெல்ட் கோடு.

இங்கே பலர் புல்லியின் ஓரத்துக்கு ஓரம் ஸ்கேல் வைத்துப் பார்க்கிறார்கள். இரண்டு புல்லியின் விளிம்புக் கனமும் ஒன்றாக இருக்காது. ஓரம் சரியாக நின்றாலும் பள்ளம் 4 மி.மீ. தள்ளியிருக்கும். அளக்க வேண்டியது பள்ளத்தின் நடுவைத்தான். இரண்டு புல்லிக்கும் ஓரடி இடைவெளி இருந்தால், விலகல் 2 மி.மீ.க்குள் அடங்க வேண்டும். அதற்கு மேல் போனால் பெல்ட்டின் ஒரு பக்கச் சுவர் மட்டும் தேயும், கறுப்புத் தூள் பானெட்டுக்கு அடியில் படியும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்தும். கோணமும் பாருங்கள்: புல்லி முன்னுக்குச் சாய்ந்திருக்கிறதா என்று பக்கத்திலிருந்தும், இடமோ வலமோ திரும்பியிருக்கிறதா என்று மேலிருந்தும்.

இப்போது கம்ப்ரசரைக் கயிறு கட்டி பானெட் தாங்கியில் இருந்து தொங்கவிட்டு, அடியில் மரக்கட்டை கொடுத்துக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். குழாய் வாய்கள் மேலே அல்லது பக்கவாட்டில் பார்க்கட்டும்; கீழே பார்த்தால் உள்ளிருக்கும் கொஞ்ச எண்ணெயும் காற்றோடு வெளியே போய்விடும். இடம் முடிவானதும் சாதாரண நூல்கயிறால் இரண்டு புல்லியையும் சுற்றி நீளம் எடுங்கள். பெல்ட்டை இறுக்கக் கம்ப்ரசர் நகரும் இடைவெளியின் நடுவில் அது இருக்கும்போது எடுத்த நீளமே பெல்ட் நீளம். அப்போதுதான் புதுப் பெல்ட்டைப் போடும்போது தளர்த்தவும், அது நீண்ட பிறகு இறுக்கவும் இரண்டு பக்கமும் இடம் கிடைக்கும்.

பெல்ட் கம்ப்ரசர் புல்லியைக் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது சுற்றிப் பிடிக்க வேண்டும். அது கிடைக்கவில்லை என்றால் ஐட்லர் புல்லி (பெல்ட்டைத் திருப்பிவிட மட்டும் சும்மா சுற்றும் புல்லி) ஒன்று தேவை. ஃபேன் இறக்கை, ரேடியேட்டர் கீழ் ஹோஸ், ஸ்டீயரிங் ராடு மூன்றுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே இரண்டு விரல் புகுமா என்று பாருங்கள்.

5. அட்டையில் பிராக்கெட்

இந்தப் படியைத் தாண்டிப் போகச் சொல்லி மனசு உந்தும். தாண்டாதீர்கள். அதே எஞ்சினின் ஏசி மாடல் பிராக்கெட் பழைய சாமான் கடையில் கிடைத்தால் அதை வாங்கிவிட்டு 7-வது படிக்குப் போய்விடலாம். கோட்டை மட்டும் மறுபடி சரிபாருங்கள். நீங்கள் அடிக்கும் எதையும்விட அந்த வார்ப்பு பிராக்கெட் நல்லது என்பதே என் கருத்து. கிடைக்காவிட்டால்தான் கீழே உள்ளது.

பிராக்கெட் எஞ்சின் பிளாக்கில்தான் உட்கார வேண்டும். சேஸிஸிலோ மட்கார்டு தகட்டிலோ கூடாது. எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் நிற்கிறது. ஆக்சிலேட்டர் கொடுத்தால் ஒரு பக்கம் சாயும், நிறுத்தும்போது உதறும். கம்ப்ரசர் சேஸிஸில் நின்றால் அந்த ஒவ்வொரு அசைவிலும் பெல்ட் இறுகித் தளரும்.

பிளாக்கின் பக்கத்தில் எதற்கும் பயன்படாமல் மரை போட்டு விட்டிருக்கும் துளைகளைத் தேடுங்கள். பிசினாய் ஒட்டியிருக்கும் அழுக்கைச் சுரண்டினால்தான் தெரியும். சிலிண்டர் ஹெட் போல்ட்டையோ, டைமிங் கவர், வாட்டர் பம்ப் போல்ட்டையோ கடன் வாங்காதீர்கள். அவற்றின் இறுக்கம் கேஸ்கெட்டுக்கானது. பிராக்கெட்டின் அதிர்வு அங்கே போனால் எண்ணெயோ தண்ணீரோ கசிய ஆரம்பிக்கும்.

துளை கிடைத்ததும் அதன் வாயைச் சுற்றிக் கொஞ்சம் கிரீஸ் தடவி, கெட்டி அட்டையை வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். அட்டையில் வட்டமாகக் கறை விழும். அதன் நடுவில் ஆணி குத்தினால் துளையின் இடம் மயிரிழை பிசகாமல் கிடைக்கும். கம்ப்ரசர் காதுகளுக்கும் (போல்ட் போடத் துளையோடு நீட்டியிருக்கும் பகுதி) இதேபோல் இன்னொரு அட்டை. இரண்டையும் டேப் போட்டு ஒட்டி, தொங்கும் கம்ப்ரசரில் வைத்துப் பாருங்கள். ஸ்பேனர் திரும்ப இடம் இருக்கிறதா, ஆயில் ஃபில்டரைக் கழற்ற வழி இருக்கிறதா, டிப்ஸ்டிக்கை உருவ முடிகிறதா என்பதையெல்லாம் அட்டையிலேயே பார்த்துவிட வேண்டும். இரும்பில் வெட்டிய பிறகு பார்த்தால், ஆயில் மாற்றும் ஒவ்வொரு தடவையும் கம்ப்ரசரைக் கழற்ற நேரும்.

ஒவ்வொரு துளையின் ஆழத்தையும் ஒரு கம்பி விட்டு அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வார்ப்பிரும்பில் போல்ட் தன் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்காவது உள்ளே பிடிக்க வேண்டும், 10 மி.மீ. போல்ட் என்றால் 15 மி.மீ. துளையின் அடியில் போய் முட்டவும் கூடாது. முட்டினால் கைக்கு இறுகினதுபோல் தெரியும், பிராக்கெட் மட்டும் ஆடும்.

6. வெட்டுவதும் வெல்டிங்கும்

அட்டையை லேத் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் படகு எஞ்சின் வேலை செய்யும் பட்டறைகளுக்கு இந்த மாதிரி பிராக்கெட் புதிதல்ல. ஆனால் அட்டை இல்லாமல் போய் நின்றால், “மக்களே, பெல்ட் எங்க ஓடுதுண்ணு பாத்துட்டா வந்தே?” என்றுதான் ஆசான் கேட்பார். சரியான கேள்வி.

ஒற்றைத் தகட்டில் கம்ப்ரசரைத் தொங்கவிடக் கூடாது. கம்ப்ரசர் ஏழு கிலோ பக்கம் வரும். டீசல் எஞ்சினின் உதறலில் ஒற்றைத் தகடு வெல்டிங் ஓரத்தில் கீறல் விடும். முன்னும் பின்னும் காதைப் பிடிக்கும் இரண்டு தகடு, நடுவில் முக்கோண முட்டு, இவ்வளவும் வேண்டும். இறுக்குவதற்கான நீளத் துளையை ஒரு பக்கம் வெட்டுங்கள். 25 முதல் 30 மி.மீ. நகர்ந்தால் போதும்.

வண்டியில் வைத்து வெல்டிங் அடிக்க வேண்டாம். கரன்ட் எஞ்சின் வழியாக எர்த் தேடிப் போகும்போது கிராங்க் பேரிங்குகளில் பொறி விழும், ஆல்டர்னேட்டரும், ஈ.சி.யு. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) இருந்தால் அதுவும் போகும். வெளியே வைத்து டேக் அடியுங்கள் (அங்கங்கே புள்ளியாக மட்டும் வெல்டு), கொண்டுவந்து மாட்டிக் கோடு பாருங்கள், கழற்றிக்கொண்டுபோய் முழு வெல்டிங் அடியுங்கள். முழு வெல்டிங் சூட்டில் தகடு இழுத்துக்கொள்ளும் என்பதால் பிறகும் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். ஒன்றிரண்டு மி.மீ. விலகினால் வாஷர் கொடுத்துச் சரிக்கட்டலாம்.

கடற்கரையோரம் நிற்கும் வண்டி என்றால் துத்தநாக பிரைமர் அடித்துப் பெயின்ட் அடிக்காமல் மாட்டாதீர்கள். உப்புக்காற்றில் பச்சை இரும்பு மழைக்காலம் முடிவதற்குள் செதில் செதிலாகிவிடும். எஞ்சின் பிளாக்கில் உட்காரும் முகத்தில் மட்டும் பெயின்ட் வேண்டாம். பெயின்ட் நசுங்க நசுங்க போல்ட் தளரும்.

7. மாட்டுவதும் பெல்ட் இறுக்குவதும்

எல்லா போல்ட்டையும் முதலில் கையால் பிடிக்கவிட்டு, பிளாக் பக்கத்தை இறுக்கி, பிறகு கம்ப்ரசர் காதுகளை இறுக்குங்கள். ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததைத் தேடினால் துளை ஒத்துவராது. அப்போது துளையை ராவிப் பெரிதாக்கத் தோன்றும். பெரிதாக்கிய துளையில் கம்ப்ரசர் நகர்ந்துகொண்டே இருக்கும். மரையில் திரெட் லாக் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விடுங்கள்.

பெல்ட்டைப் புல்லி விளிம்பில் ஸ்குரூ டிரைவரால் நெம்பி ஏற்றாதீர்கள். உள்ளே இருக்கும் நூல் அறுந்து, வெளியே தெரியாமல் பெல்ட் பாதி ஆயுளை இழக்கும். கம்ப்ரசரை உள்ளே தள்ளி, பெல்ட்டைப் போட்டு, பிறகு இழுத்து இறுக்குங்கள். இரண்டு புல்லிக்கும் நடுவில் கட்டைவிரலால் நன்றாக அமுக்கினால் ஓரடி இடைவெளிக்கு 10 மி.மீ. அளவுக்குத் தாழ்ந்தால் சரி. தளர்ந்தால் கிளட்ச் பிடித்ததும் வழுக்கும். மிஞ்சி இறுகினால் புல்லி பேரிங் மட்டுமல்ல, கிராங்கின் முன் பேரிங்கும் அடிவாங்கும்.

8. காற்று உள்ளே வரும் பக்கம், எண்ணெய்

எஸ் வாயில் ஃபில்டர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஆடிக் காற்றில் பறக்கும் புழுதி உள்ளே போனால் சிலிண்டர் கீறிவிடும். பழைய ஜீப் என்றால் எஞ்சின் ஏர் ஃபில்டரின் சுத்தமான பக்கத்தில் இருந்து ஒரு ஹோஸ் எடுத்துவிடலாம். காற்றை அளக்கும் சென்சார் உள்ள வண்டியில் அப்படிச் செய்தால் சென்சார் கணக்குத் தப்பும். அங்கே தனிச் சின்ன ஃபில்டர் வைத்து, பானெட்டுக்குள் உயரமான, சூடில்லாத இடத்தில் நிறுத்துங்கள். தாழ்வாக வைத்தால் ஓடையைக் கடக்கும்போது தண்ணீரை உறிஞ்சும். தண்ணீர் அமுங்காது, வால்வுத் தகடுதான் உடையும்.

எண்ணெய் விஷயத்தில் நின்று யோசிக்க வேண்டும். இந்தக் கம்ப்ரசருக்கு எஞ்சினைப்போல் தனி எண்ணெய்ப் பம்பு கிடையாது. ஏசியில் ஓடும்போது கேஸோடு கலந்து சுற்றி வரும் எண்ணெய்தான் அதை நனைத்தது. இப்போது கேஸ் இல்லை. போன எண்ணெய் திரும்பி வராது. எனவே பழைய எண்ணெயை முழுக்க வடித்துவிட்டு, 100 கிரேடு கம்ப்ரசர் ஆயில் 150 மில்லியை ஒட்டி ஊற்றுங்கள். மாடலுக்கு ஏற்ப அளவு கொஞ்சம் மாறும். ஏசி எண்ணெயையே விட்டுவைக்க வேண்டாம், அதில் பல வகைகள் ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுப்போகும். உறிஞ்சும் ஹோஸில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடும் ஆயிலர் ஒன்றை வைப்பது நல்லது. வைக்காவிட்டால், தொடர்ந்து வேலை வாங்கும் நாட்களில் காலையில் ஃபில்டரைக் கழற்றி ஒரு சின்ன ஸ்பூன் எண்ணெய் விடும் பழக்கமாவது வேண்டும். டயர் நிரப்ப மட்டும் என்றால் அது போதும்.

எண்ணெய் ஆவி கலந்த இந்தக் காற்றை மனிதர் சுவாசிக்கக் கூடாது. கடலில் சிப்பி எடுக்க மூழ்குகிறவர்களுக்குக் குழாய் வழியே இந்தக் காற்றைக் கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கூடவே கூடாது. எண்ணெயோடு, எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடும் உறிஞ்சப்பட்டு வரும். அதற்கு மணமில்லை, ஆளைக் கொல்லும்.

9. காற்று வெளியேறும் பக்கம்

டி வாயில் வரும் காற்று கை வைக்க முடியாத சூடு. சாதாரண ரப்பர் ஹோஸையோ நைலான் குழாயையோ நேராக மாட்டினால் மெத்தென்றாகி வெடிக்கும். முதல் ஒரு மீட்டராவது ஸ்டீல் பின்னல் டெஃப்லான் ஹோஸ் அல்லது செம்புக் குழாய்; அதற்குப் பிறகு சூடு தணிந்ததும் லாரி ஏர் பிரேக் நைலான் குழாய் போதும். கம்ப்ரசரில் இருந்து புறப்படும் முதல் துண்டு வளைந்து கொடுக்கும் ஹோஸாகவே இருக்கட்டும், எஞ்சின் ஆடுவதால் வளையாத குழாய் கழுத்தில் கீறிவிடும்.

டேங்கின் வாயில் ஒருவழி வால்வு. அது இல்லாவிட்டால் டேங்கில் சேர்ந்த காற்று கம்ப்ரசர் வழியே பின்னால் கசியும். அடுத்த தடவை கிளட்ச் பிடிக்கும்போது முழு அழுத்தத்துக்கு எதிராகத் திணறும். அம்புக்குறி டேங்கைப் பார்க்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். திருப்பி மாட்டிவிட்டால் காற்றுக்கு வழியில்லாமல் ஹோஸ்தான் பிய்க்கும். இதற்காகவே வால்வுக்கு முன்னாலும் ஒரு சின்ன சேஃப்டி வால்வு வைப்பவர்கள் உண்டு. செலவு கொஞ்சம்தான், வைத்துவிடுங்கள்.

டேங்குக்கு லாரி ஏர் பிரேக் டேங்க் சரி. பழையது என்றால் உள்ளே டார்ச் அடித்துத் துருப் பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். சோதிக்கும்போது தண்ணீர் நிரப்பி, கைப்பம்பில் வேலை அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றிப் பாருங்கள். காற்றை வைத்துச் சோதித்தால் டேங்க் பிளக்கும்போது வெடிகுண்டுபோல் சிதறும். கேஸ் சிலிண்டர், தீயணைப்பான், பி.வி.சி. குழாய் எதையும் டேங்காக்க வேண்டாம். டேங்கின் உடலில் காது வெல்டு வைக்காமல், ரப்பர் கொடுத்துப் பட்டை போட்டுக் கட்டுங்கள்.

சேஃப்டி வால்வு டேங்கிலேயே நேராக இருக்க வேண்டும். நடுவில் காக் எதுவும் கூடாது. பிரஷர் சுவிட்ச் 8 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) நிறுத்தி 6 பாரில் மறுபடி தொடங்கும் வகை என்றால், சேஃப்டி வால்வு 10 பார். டேங்கின் தாங்கும் அளவு அதற்குக் குறையக் கூடாது.

வடிகால் காக் டேங்கின் மிகத் தாழ்ந்த இடத்தில். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் கிடைக்கிறது. ஈரம் எப்போதும் அதிகம். 30 டிகிரி வெயிலில், மழைக்கால ஈரக்காற்று 1,000 லிட்டரை 8 பாருக்கு அமுக்கி ஆறவிட்டால் சுமார் 20 மில்லி தண்ணீர் டேங்கின் அடியில் நிற்கும். வடிக்காமல் விட்டால் டேங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கும். டயருக்குள்ளும் தண்ணீர் போகும். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் டேங்குக்குப் பிறகுதான் வர வேண்டும். முன்னால் வைத்தால் காற்று சூடாகவே கடந்துபோகும், தண்ணீர் பிரியாது, ஃபில்டரின் பிளாஸ்டிக் கிண்ணமும் இளகும்.

10. வயரிங்

கிளட்ச் 4 ஆம்பியர் பக்கம் இழுக்கும். டேஷ்போர்டு சுவிட்ச் வழியே நேராகக் கொடுத்தால் நாளடைவில் சுவிட்ச் கருகும், ரிலே போடுங்கள். பேட்டரி பாசிட்டிவில் இருந்து 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30 என்று எண் போட்ட முனைக்கு. 87-ல் இருந்து கிளட்சுக்கு. சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் வயரில் இருந்து டேஷ்போர்டு சுவிட்ச், அதிலிருந்து பிரஷர் சுவிட்ச், அதிலிருந்து 86. 85 எர்த். பிரஷர் சுவிட்ச் காற்றில்லாதபோது இணைந்தும், நிறைந்தால் துண்டித்தும் இருக்கும் வகையா என்று மீட்டர் வைத்து உறுதிசெய்யுங்கள். தலைகீழ் வகை வந்தால் கம்ப்ரசர் தொடங்கவே தொடங்காது.

ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கட்டும். சுவிட்ச் பக்கம் வைத்தால் நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது. கிளட்ச் காயிலுக்குக் குறுக்கே ஒரு டையோடு, வெள்ளிக்கோடு பாசிட்டிவ் பக்கம். காயில் அணையும்போது எழும் மிகை வோல்டேஜ் ரிலேயைத் தின்னாமலிருக்க. எர்த்தை எஞ்சின் பிளாக்கில் எடுங்கள். துருப்பிடித்த பாடித் தகட்டில் எடுத்தால் கிளட்ச் பாதி வோல்ட்டில் வழுக்கும். கடற்கரை வண்டியில் கனெக்டர்களுக்குள் வாசலின் தடவி மூடுங்கள்.

11. முதல் ஓட்டம்

சாரம் (கைலி) கட்டிக்கொண்டு ஓடும் பெல்ட் பக்கம் குனியாதீர்கள். தோளில் துண்டும் வேண்டாம்.

கிளட்ச் போடாமல் ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட்டி, பெல்ட் நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு டேங்கின் வடிகாலைத் திறந்து வைத்துக் கிளட்ச் போடுங்கள். பழைய கேஸ், எண்ணெய், தூசி எல்லாம் வெளியேறட்டும். இந்த இடத்தில் பீடி, சிகரெட் கூடாது. அப்புறம் காக்கை மூடி, கேஜைப் பார்த்தபடி ஏற்றுங்கள். 3 பாரில் நிறுத்தி எல்லா இணைப்பிலும் சோப்புநீர் தடவிக் கசிவு பாருங்கள். கசிந்தால் காற்றை முழுக்க வடித்த பிறகே இறுக்குங்கள். பிறகு 8 பார். சுவிட்ச் தானாக நிறுத்துகிறதா என்பதைக் கண்ணால் பார்க்கும்வரை நகராதீர்கள். சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்துச் சீறுகிறதா என்றும் பாருங்கள்.

கணக்கு இப்படி வரும்: கிராங்க் புல்லி 150 மி.மீ., கம்ப்ரசர் புல்லி 125 மி.மீ. என்றால் எஞ்சின் 1,000 சுற்றில் கம்ப்ரசர் 1,200 சுற்று. ஏட்டுக் கணக்கில் நிமிடத்துக்கு 165 லிட்டர்; அதில் அறுபது சதவீதம் கைக்கு வந்தாலும் 100 லிட்டர். 215/75 ஆர்15 டயரை 18-ல் இருந்து 35 பி.எஸ்.ஐ.க்கு ஏற்ற 55 லிட்டர் பக்கம் காற்று போதும். ஆக ஒரு டயருக்கு ஒரு நிமிடம் ஆகாது. உங்களுக்கு மூன்று நிமிடம் பிடித்தால் பெல்ட் வழுக்குகிறது, அல்லது உறிஞ்சும் பக்கம் அடைத்திருக்கிறது, அல்லது வால்வுத் தகடு போயிருக்கிறது. இந்த வரிசையிலேயே தேடுங்கள்.

கிளட்சை எப்போதும் ஐட்லிங்கில் போட்டுவிட்டுப் பிறகு கை ஆக்சிலேட்டரை 1,000, 1,200 பக்கம் ஏற்றுங்கள். உயர் வேகத்தில் போட்டால் தட்டு அடித்துப் பிடிக்கும். பிடிக்கும்போது சத்தம் நீண்டால் தட்டுக்கும் புல்லிக்கும் இடைவெளி அதிகம், 0.4-க்கும் 0.8 மி.மீ.க்கும் நடுவே இருக்கும்படி ஷிம் (மெல்லிய வாஷர்) எடுத்தோ சேர்த்தோ சரிசெய்யுங்கள்.

12. அதற்குப் பிறகு

புதுப் பெல்ட் முதல் அரை மணி நேரத்திலேயே கொஞ்சம் நீளும். ஆறவிட்டு மறுபடி இறுக்குங்கள். முதல் வாரத்தில் மலைப்பாதையில் ஒருமுறை ஏறி இறங்கிய பிறகு பிராக்கெட் போல்ட் எல்லாவற்றிலும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு போல்ட் தலைக்கும் தகட்டுக்கும் குறுக்கே பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்துவைத்தால், பின்னால் எது திரும்பியிருக்கிறது என்று பானெட்டைத் தூக்கியதும் தெரியும்.

காற்று பிடித்த அன்றே டேங்கை வடியுங்கள். மாதம் ஒருமுறை ஃபில்டரைத் தட்டி ஊதுங்கள், புழுதிக் காலத்தில் வாரம் ஒருமுறை. பெல்ட்டின் எண்ணைப் பானெட்டின் உட்பக்கத்தில் பெயின்ட்டால் எழுதிவையுங்கள். இது கம்பெனி பெல்ட் அல்ல, எந்த வண்டியின் பெயரைச் சொன்னாலும் கடைக்காரருக்கு எடுத்துத் தரத் தெரியாது.